குன்னூரில் ஃபேன் வாங்கியவன்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். எழுதாவிட்டால் குன்னூருக்கு மட்டும்தான் தெரியும், எழுதினால் உங்களுக்கும் தெரிந்துவிடும். பிளஸ் டூவில் இரண்டு தடவை குப்புற விழுந்தவன் எழுதுவது. பிழை இருக்கும், பொய் அதிகம் இருக்காது.

எனக்கும் தினேசுக்கும் ஒரு தேயிலைக் கம்பெனியின் குன்னூர் ஆபீசில் வேலை. சாம்பிள் ரூம். வரிசையாகக் கிண்ணம் வைத்து டீ ஊற்றுவோம். பெரிய ஆட்கள் வந்து ஒரு வாய் உறிஞ்சித் துப்பிவிட்டு மார்க் போடுவார்கள். அப்புறம் நாங்கள் கழுவி வைப்போம். (எச்சில் கழுவுகிற உத்தியோகம்தான். பெண் பார்க்கப் போகும்போது மட்டும் அம்மா, "பையன் டீ டேஸ்டிங்ல இருக்கானுங்க" என்பாள்.)

அந்தக் கம்பெனியைச் சென்னைக் கம்பெனி ஒன்றோடு சேர்த்தார்கள். சேர்ந்த கையோடு வந்த சேதி, குன்னூர் ஆபீசை மூடிச் சென்னைக்கு மாற்றுகிறார்கள் என்பது. சில பேரைக் கூட்டிக்கொண்டு போவார்கள், மீதிப் பேர் கணக்கை முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியது. யார் சில பேர், யார் மீதி என்பதை மட்டும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் ஆபீசில் ஒருத்தருக்கும் இருப்புக் கொள்ளவில்லை. கிளார்க் ராமசாமி அண்ணன் காலையில் மேசை டிராயரைக் காலி செய்வார், சாயங்காலம் பழையபடி அடுக்கி வைப்பார். மேனேஜர் வணக்கத்துக்குத் தலையாட்டினால் ஒரு வதந்தி, ஆட்டாவிட்டால் வேறொன்று. நான் கழுவின கிண்ணத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். தினேசுதான் பேச்சே இல்லாமல் போனான். அவன் இருந்தது கம்பெனி குவார்ட்டர்ஸ். வேலை போனால் வீடும் போகும். அவன் பெண்டாட்டி கவிதா மாசமாக இருந்தாள். எனக்கென்ன, அம்மா சமையலில் வாழ்கிறவன். அவனுக்கு அப்படி இல்லை.

ஒருநாள் ராமசாமி அண்ணன் அடுத்த வதந்தியைக் கொண்டுவந்தார். "மலையில இருக்கறவங்க வெயிலு தாங்க மாட்டாங்க, ஒரே மாசத்துல ஓடியாந்துருவாங்கன்னு சென்னையில பேசிக்கறாங்களாமா."

எனக்குப் பொறி தட்டியது. (என் வாழ்க்கையில் பொறி தட்டினால் அடுத்து ஏதாவது பற்றி எரியும்.) தாங்குவோம் என்று காட்டிவிட்டால் முடிந்தது. அன்று மத்தியானமே தினேசைக் கம்பெனி ஃபேக்டரிக்குத் தள்ளிக்கொண்டு போய், இலை காய்கிற டிரையர் பக்கத்தில் நிற்கவைத்து, நானும் நின்றேன். சென்னை வெயிலுக்குப் பயிற்சி.

"ஏன்டா, காஞ்சதுக்கப்பறம் நம்மளையும் பாக்கெட் போட்டுருவாங்களா?" என்றான் தினேசு. ரொம்ப நாள் கழித்து அவன் பேசின ஒரே தமாஷ் அது. அதனால் என் யோசனை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சென்னையிலிருந்து எச்.ஆர். சார் வந்து ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுப் பேசப்போகிறார் என்றதும், பஜாருக்குப் போய் டேபிள் ஃபேன் கேட்டேன். கடைக்காரர் உள்ளே போய்த் தேடி, எந்தக் காலத்திலோ வந்திறங்கிய ஒரு பெட்டியை எடுத்துவந்து தூசி தட்டினார். "ஏனுங்க தம்பி, ஊட்டுக்குள்ள பொகை ஜாஸ்திங்களா?" என்று கேட்டார். சென்னைக்குப் போகிறேன் என்றேன், பாஸ்போர்ட் வாங்கினவன் மாதிரி.

அன்றைக்குப் பார்த்து மழைச் சாரல், எதிராள் தெரியாத மூடுபனி. நான் ஸ்வெட்டர் இல்லாமல் அரைக்கைச் சட்டையில், கையில் ஃபேன் பெட்டியோடு உள்ளே போனேன். எனக்கு அடுத்து தினேசு.

எச்.ஆர். சார் இரண்டு ஸ்வெட்டர், மஃப்ளர், குரங்குக் குல்லா சகிதம் ரூம் ஹீட்டரைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சென்னை வெயில் பழக்கமா என்று கேட்டார். பழக்கம்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். பல் தந்தியடித்ததே தவிரப் பேச்சு வரவில்லை. காய்ச்சலா என்று கேட்டார்.

பேச்சு வராவிட்டால் செயல் என்று பெட்டியைப் பிரித்தேன். அந்த அறையில் இருந்தது ஒரே பிளக் பாயின்ட். ஹீட்டரைப் பிடுங்கினேன். ஃபேனைச் சொருகினேன். ஸ்பீடு மூன்று.

கடையில் சேர்ந்திருந்த அத்தனை வருசத்துத் தூசியும் ஒரே மூச்சில் கிளம்பி அவர் மூஞ்சிக்குப் போனது. மஃப்ளர் எழுந்து நின்றது. அவர் தும்மினார், மறுபடி தும்மினார், அப்புறம் நிறுத்தவே இல்லை. அணைக்கலாம் என்று ஸ்பீடு குமிழைத் திருப்பினேன், அது கழன்று கையோடு வந்தது. பிளக்கைப் பிடுங்கலாம் என்பது எனக்குத் தோன்றவில்லை. (சொன்னேனே, பிளஸ் டூ, இரண்டு தடவை.) மேனேஜர் ஓடிவந்துதான் பிடுங்கினார்.

சார் காய்ச்சலோடு கெஸ்ட் ஹவுஸில் படுத்துவிட்டார். இன்னும் கூப்பிட்டுப் பேசாத ஆட்கள் விஷயத்தைச் சென்னையிலேயே பார்த்துக்கொள்வார்கள் என்று மேனேஜர் அறிவித்தார். பார்க்காத முகத்தை யார் சென்னைக்குக் கூப்பிடுவார்கள்? வராந்தாவில் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். தினேசு மட்டும் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

மறுநாள் காலையில் அவன் வாசலில் போய் நின்றேன். கெஸ்ட் ஹவுஸுக்கே போய்ச் சாரிடம் கேட்டுவிடலாம் என்று அவன் சொல்லவில்லை, கவிதா சொன்னாள். சுக்குக் காப்பி போட்டு ஃபிளாஸ்க்கை அவனிடம் கொடுத்து, என்னைப் பார்த்து, "அண்ணா, கூடப் போங்க. ஆனா உள்ள மட்டும் போயிராதீங்க" என்றாள்.

போகவில்லை. கெஸ்ட் ஹவுஸ் ஜன்னலுக்கு வெளியே சாரலில் நின்றேன். சார் கம்பளிக்குள்ளிருந்து காப்பியை வாங்கிக் குடித்தார். அப்புறம் மூக்கடைத்த குரலில் அதே கேள்வி: "வெயில் தாங்குவியாப்பா?"

"தெரியலீங்க சார். போனதில்லீங்க. ஆனா வேலை வேணுங்க" என்றான் தினேசு.

அவ்வளவுதான் பேசினான். டிரையர் பக்கத்தில் நாங்கள் வெந்ததெல்லாம் வீண்.

அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். குழந்தை சென்னையில் பிறந்தது. எனக்கும் ராமசாமி அண்ணனுக்கும் கணக்கை முடித்தார்கள். அவர் காலி செய்த டிராயரை அன்று அடுக்கவில்லை. நான் இப்போது டூரிஸ்ட்டுகளுக்கு ஜீப் ஓட்டுகிறேன். வீட்டில் யாராவது குளிருது என்று வாயைத் திறந்தால் போதும், "ஃபேனைப் போடட்டுமா?" என்று அம்மா எழுந்துவிடுவாள். பெண் பார்க்கப் போகிற இடத்திலும் சொல்லிவிடுகிறாள்.

தினேசை வம்புக்கு இழுக்காவிட்டால் எனக்கு வாரம் போகாது. நேற்று வாட்ஸ்அப்பில், எச்.ஆர். சாருக்குச் சளி போய்விட்டதா என்று விசாரித்துச் சொல்லச் சொன்னேன். பதில் வந்தது.

"போன வாரம் அவருக்கு வேலையே போயிருச்சுடா."