நம்பத்தகுந்த வட்டாரம்

அரசாங்கம் எதையும் காரணமில்லாமல் செய்வதில்லை. ஒரு மழைக்காலத்தில் பெரம்பலூர்ப் பக்கம் ஏரி உடைத்துக்கொண்டதாக எவனோ கிளப்பிவிட, ஓர் அலுவலகமே கோப்புகளைப் போட்டது போட்டபடி மேட்டுக்கு ஓடிவிட்டது. ஏரியில் முழங்கால் அளவுத் தண்ணீர்கூட இல்லை என்பது ஓடி முடித்த பிறகுதான் தெரிந்தது. அதன் விளைவாகத் திருச்சியிலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. "இனி நம்பத்தகுந்த வட்டாரங்களிலிருந்து கிடைக்கும் தகவல்களின் பேரில் மட்டுமே நடவடிக்கை எடுக்கப்படல் வேண்டும்."

வட்டார வளர்ச்சி அதிகாரி அரங்கநாதன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அதை வாசித்தார். பேப்பரில் எழுதுகிறவர்களுக்கு வட்டாரம் என்றால் விஷயம் தெரிந்தவர்கள் என்று அர்த்தம். அரங்கநாதனுக்கு அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான். அவர் ஆபீஸ் போர்டில் இருக்கும் வட்டாரம், ரப்பர் ஸ்டாம்பில் இருக்கும் வட்டாரம். தம்முடைய வட்டாரம் நம்பத்தகுந்தது என்று அறிவிக்கும் ஆணை ஏதாவது உண்டா என்று பீரோவைக் குடைந்தார். இல்லை. ஆகவே ஆணை வரும்வரை தம் எல்லைக்குள் இருக்கும் எவரையும் நம்புவதில்லை என்று முடிவு செய்தார். கடமை என்று வந்துவிட்டால் அவர் தயவு தாட்சணியம் பார்க்கிறவர் அல்ல.

காத்தாயிக்கு இதெல்லாம் தெரியாது. குன்னத்துக்குப் பக்கத்தில் அவள் தெருவுக்கென்று இருந்தது ஒரே கிணறு. பருத்திக்கு மருந்தடித்த டப்பாவை ஒருவன் அந்தக் கிணற்றில் முக்கிக் கழுவியதை, களை வெட்டிவிட்டு வரும்போது வரப்பிலிருந்து பார்த்தாள். கத்திக்கொண்டே ஓடி வந்தாள். அவள் வந்து சேர்வதற்குள் அவன் போய்விட்டான். தண்ணீர் சேந்த வந்த அவள் மகள் பொன்னுத்தாய் ஒரு வாய் குடித்தும் விட்டாள். பிள்ளை வாந்தியெடுத்து வாந்தியெடுத்துப் பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் துவண்டு கிடந்தது. கிணற்றை இறைத்துவிட வேண்டும், அதுவரைக்கும் தெருவுக்கு லாரியில் தண்ணீர் விட வேண்டும் என்று கேட்கத்தான் அவள் ஆபீசுக்கு வந்தாள்.

அரங்கநாதன் பொறுமையாகக் கேட்டார். டப்பாவைக் கழுவியது யார் என்று அவள் சொல்லப்போகும்போது கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீ எந்த வட்டாரம்?"

"இதே வட்டாரந்தாங்க ஐயா."

"அப்ப நம்பறதுக்கில்லம்மா. தப்பா நினைக்காதே. உன்மேல எனக்குத் தனிப்பட்ட அவநம்பிக்கை எதுவும் கிடையாது."

"நீங்களே வந்து ஒரு எட்டு பாத்துடுங்களேன்."

"நானும் இந்த வட்டாரத்துலதானே இருக்கேன்? பாத்துட்டு வந்து நானே சொன்னாலும் நான் நம்பக்கூடாது."

வெளியே வந்தபோது குமாஸ்தா வைத்திலிங்கம் இரக்கப்பட்டு ஒரு வழி சொன்னார். பக்கத்து வட்டாரத்தைச் சந்தேகப்பட அதிகாரிக்கு அதிகாரம் இல்லையாம். ஆகவே அங்கிருந்து யாராவது வந்து சொன்னால் எடுபடுமாம். காத்தாயி அரியலூருக்குப் பஸ் ஏறினாள். அங்கே வாழ்க்கைப்பட்டிருந்த தங்கை அம்சவள்ளியைக் கையோடு கூட்டி வந்தாள். அம்சவள்ளியும் அட்சரம் பிசகாமல் ஒப்பித்தாள். நீ நேரில் பார்த்தாயா என்று கேட்டார் அதிகாரி. அக்கா சொன்னதுதான் என்றாள் அவள்.

"ஆக, தகவல் இங்கேதான் உற்பத்தியாகியிருக்கு. பஸ்ல அரியலூர் போயிட்டுத் திரும்பி வந்திருக்கு, அவ்வளவுதான்."

அப்படியானால் இப்போதே போய்க் கிணற்றைப் பார்த்துவிட்டு வருவதாக அம்சவள்ளி சொன்னாள்.

"பாக்கும்போது எந்த வட்டாரத்துல நின்னு பாப்பே?" என்றார் அரங்கநாதன்.

மறுநாள் காத்தாயி அந்தத் தண்ணீரையே ஒரு தூக்குவாளியில் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். நெடி குப்பென்று அடித்தது. அதிகாரி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார். தண்ணீரும் இதே வட்டாரத்துத் தண்ணீர் என்பதைச் சுட்டிக்காட்டினார்.

"சரிங்க. நம்பலைன்னா ஒரு வாய் குடிங்க," என்றாள் காத்தாயி.

நம்பக்கூடாது என்றுதான் சுற்றறிக்கையில் இருக்கிறதே தவிர, குடிக்க வேண்டும் என்று எங்கும் இல்லை என்று அவர் விளக்கினார். பிறகு மேசையை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவச் சொன்னார்.

குன்னம் பஸ் நிறுத்தத்தில் இறங்கும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. பொய் சொல்லி அகப்பட்டிருந்தாலும் மனசு ஆறும். கண்ணால் கண்டதைச் சொல்லிவிட்டுப் பொய்க்காரியாக நிற்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. டீக்கடை செல்லதுரை என்னவென்று விசாரித்தான். அவன் டீ ஆற்றும் நேரம் போகத் திருச்சிப் பேப்பர் ஒன்றுக்குச் செய்தி எழுதி அனுப்புகிறவன். கிணற்றில் மருந்து கலந்ததையும் பிள்ளை படுத்திருப்பதையும் கேட்டுக்கொண்டான். அன்றைக்கே எழுதிப் போட்டான். கிணற்றில் விஷ மருந்து கலந்திருப்பதாக நம்பத்தகுந்த வட்டாரங்கள் தெரிவிக்கின்றன என்று பேப்பரில் வந்தது.

அரங்கநாதன் அந்த வரியின் கீழ் சிவப்பு மையால் கோடு போட்டார். நம்பத்தகுந்த வட்டாரமே தெரிவித்துவிட்டது. இனி ஒரு கணமும் தாமதிக்கலாகாது. லாரி வந்தது, இன்ஜின் வந்தது, கிணற்றை இறைத்தார்கள். அந்த வட்டாரம் மறுபடி மறுபடி தம் மேசைக்கு முன்னால் வந்து நின்ற காத்தாயிதான் என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. பொன்னுத்தாயும் பிழைத்து வீடு வந்து சேர்ந்தாள்.

டீக்கடையில் நாலு நாளைக்கு இதே பேச்சுதான். வடை எந்த வட்டாரத்து வடை, நம்பிக் கடிக்கலாமா என்று ஒருவன் கேட்க, பெஞ்சே குலுங்கியது. காத்தாயியும் கீற்றில் செருகியிருந்த தனிக் கிளாஸை எடுத்துக் கழுவி, டீ வாங்கி, ஓரமாக நின்று சிரித்தாள். அவள் தெரு ஆட்களும் பக்கத்தில் நின்று சிரித்தார்கள். அப்போதுதான் ஒருவனுக்குத் தோன்றியது, டப்பாவைக் கழுவியது யார் என்று கேட்க.

"ஆண்டவரு பண்ணையாளுதான். அவரும் கிட்டத்துலதான் நின்னாரு, கண்ணால பாத்தேன்," என்றாள் காத்தாயி.

ஆண்டவர் அந்தப் பக்கத்துப் பருத்திக்காட்டுக்கெல்லாம் சொந்தக்காரர். சிரிப்பு நின்றது. ஒருவனுக்குப் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவள் தெரு ஆட்கள் டீயில் எறும்பு கிடக்கிறதா என்று பார்த்தார்கள்.

"தூரத்துலேருந்துதானே பாத்தே? வெயிலு வேற," என்றான் செல்லதுரை. "நல்லா யோசிச்சுச் சொல்லு."

"மருந்து விழுந்ததையும் அதே தூரத்துலேருந்துதான் பாத்தேன் அண்ணே. அதை நம்பிப் பேப்பர்ல போட்டீங்களே?"

"அது கெணத்துச் சமாச்சாரம். இது அப்படியா?"

காத்தாயி கிளாஸைக் கழுவிப் பழையபடி கீற்றில் செருகினாள்.

"அந்த ஆபீசருக்காவது என்னை நம்பாம இருக்கத் திருச்சியிலேருந்து ஒரு காயிதம் வரவேண்டியிருந்துச்சு," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.