தரையில் மிதந்தவள்

சூப்பர் மார்க்கெட்டின் மூன்றாவது வரிசையில், சரிந்து விழுந்த பிஸ்கட் டின்களுக்கு நடுவே, சிறுமி மிளகு மல்லாந்து படுத்துக் கிடந்தாள். கைகள் இரண்டும் விரிந்திருந்தன. கண்கள் கூரையைப் பார்த்தன. வயிறு நிதானமாக ஏறி இறங்கியது.

டின் கோபுரத்தில் தள்ளுவண்டியை இடித்தது அவளுடைய அப்பா. ஊரில் பாதிப் பேருக்குக் கண் பரிசோதித்து மூக்குக்கண்ணாடி மாட்டிவிட்டவர். ஆளுயரத்துக்கு எதிரே நின்ற கோபுரம் மட்டும் அவர் கண்ணில் படவில்லை. கடைசி டின் உருண்டு ஓயும்வரை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு நின்றார். சத்தம் வரவில்லை. திரும்பிப் பார்த்தால், நான்கு வயது மகள் தரையில்.

மேலாளர் ஓடிவந்தார். "குழந்தை தலையில டின் விழுந்திருச்சா?"

"இல்லைங்க. அவ மிதக்கிறா" என்றார் கண்ணாடிக்காரர்.

மேலாளர் உடனே ஆம்புலன்சுக்குப் போன் செய்தார். யாருக்காக என்று அவர் தெளிவாகச் சொல்லவில்லை.

மிளகு நீச்சல் வகுப்பில் சேர்ந்து ஆறு வாரம் ஆகிறது. பதக்கம் வாங்குகிற நீச்சல் இல்லை இது. தவறி விழுந்தால் பிழைத்துக்கொள்கிற நீச்சல். சட்டை, ஷூவோடு தண்ணீரில் விழுந்தாலும் சட்டென்று மல்லாந்து, முகத்தை மேலே வைத்து, மூச்சு விட்டுக்கொண்டு, ஆள் வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அவர்கள் வீட்டுச் சமையலறைக் கதவைத் திறந்தால் மூன்று படி. அதற்குக் கீழே கால்வாய். ஒருநாள் காலையில் மிளகு கடைசிப் படியில் உட்கார்ந்து தண்ணீரில் கால் ஆட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்ததிலிருந்து கண்ணாடிக்காரருக்குத் தூக்கம் போனது. கதவுக்கு மூன்று தாழ்ப்பாள் போட்டார். ஒரே வாரத்தில் மிளகு மூன்றையும் திறக்கக் கற்றுக்கொண்டாள். இந்த வகுப்பில் அவள் தேறினால்தான் அவருக்குப் போன உயிர் திரும்பி வரும்.

வகுப்பில் பெற்றோருக்கு இடம் கண்ணாடிச் சுவருக்கு வெளியே. உள்ளே நடப்பது தெரியும், கேட்காது. நீச்சல் மிஸ் ஒருநாள் கண்ணை உருட்டி, வாயைப் பிளந்து, இரண்டு கையாலும் காற்றைப் பிறாண்டிக் காட்டினார். குழந்தைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். பிறகு எல்லோரும் தண்ணீரில் வரிசையாக மல்லாந்தார்கள்.

கண்ணாடிக்காரர் அன்றைக்கே மனைவியிடம் விளக்கம் கொடுத்தார். "பூதக் கதை சொல்லிப் பயமுறுத்துறாங்க. பயம் வந்தா மல்லாக்கப் படுக்கணும்னு பழக்குறாங்க. நல்ல முறைதான்."

மனைவி ரயில் ஓட்டுபவள். எண்ணூறு பயணிகளைப் பின்னால் வைத்துக்கொண்டு நிம்மதியாகக் கொட்டாவி விடக்கூடியவள். "மிஸ்கிட்ட கேட்டீங்களா?" என்றாள்.

"கேக்கறதுக்கு என்ன இருக்கு? அதான் கண்ணால பார்த்தேனே."

ஆனால் அந்த நல்ல முறை இப்போது சூப்பர் மார்க்கெட் வரை வந்துவிட்டது. மகளைத் திட்டவும் முடியாது. படுக்காதே என்று அதட்டினால், நாளைக்குக் கால்வாயில் விழும்போதும் படுக்காமல் இருந்துவிடுவாளே. யோசித்து யோசித்து, ஈரமான இடத்தில் மட்டும்தான் படுக்க வேண்டும் என்று சட்டம் போட்டார். மிளகு தலையாட்டினாள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை மழலையர் பள்ளிக்கு விடுமுறை. மனைவிக்கு ரயில். வேறு வழியில்லாமல் மகளைத் தான் வேலை செய்யும் கண்ணாடிக் கடைக்கே கூட்டிப்போனார். அன்று பார்த்துத்தான் ஒரு வக்கீலும் ஒரு தையல்காரரும் சேர்ந்து வந்து நின்றார்கள். வக்கீலின் கண்ணாடி தையல்காரருக்கும், தையல்காரருடையது வக்கீலுக்கும் போயிருந்தது. தையல்காரர் தன் விரலையே தைத்திருந்தார். வக்கீல் எதிர்க்கட்சிக்காரரைத் தன் கட்சிக்காரர் என்று நினைத்து அரைமணி நேரம் வாதாடி, ஜெயித்தும் கொடுத்திருந்தார்.

முதலாளி கண்ணாடிக்காரரைப் பெயர் சொல்லாமல், விரலை மடக்கிக் கூப்பிட்டார். "இது எப்படி நடந்துச்சு?"

கண்ணாடிக்காரருக்கு முழி பிதுங்கியது. வாய் திறந்தது, மூடியது. கை மேஜையைத் தடவித் தடவி எதையோ தேடியது. துப்புரவு செய்யும் அம்மா அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார். மிளகு ஈரம் இருக்கிறதா என்று ஒரு விரலால் தொட்டுப் பார்த்தாள். இருந்தது. படுத்துவிட்டாள்.

தரை துடைக்கிற மருந்தின் நெடியில் குழந்தை மயங்கிவிட்டது என்று முதலாளி முடிவு கட்டி, வாடிக்கையாளர்களை எல்லாம் தெருவுக்கு விரட்டினார். துப்புரவு அம்மா துடைப்பத்தோடு திரும்பி வந்தார். "பதினோரு வருஷமா இதே மருந்துதான் போடறேன். இதுவரைக்கும் ஒரு கொசு மயங்கினதில்லை" என்று கண்ணாடிக்காரரைப் பார்த்துச் சொன்னார். அதன் பிறகு அவருடைய மேஜைக்குக் கீழே மட்டும் பெருக்குவதில்லை.

ஈரச் சட்டம் ரத்தானது. அடுத்து ஒரு சங்கேதச் சொல் கண்டுபிடித்தார். அவர் "தரை" என்று சொன்னால் மிளகு எழுந்துவிட வேண்டும். வீட்டில் பத்து முறை ஒத்திகை பார்த்தார்கள். பத்து முறையும் எழுந்தாள். கண்ணாடிக்காரர் தன் மூளையைத் தானே மெச்சிக்கொண்டார்.

வியாழக்கிழமை பெரிய பள்ளியில் சேர்க்கை நேர்காணல். மிளகிடம் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அவள் ஒழுங்காகப் பதில் சொன்னாள். தலைமையாசிரியை அப்பா பக்கம் திரும்பினார்.

"ஒரு நாளைக்கு இவ பேசறதை எவ்வளவு நேரம் உக்காந்து கேப்பீங்க?"

பாடத்திட்டத்தில் இல்லாத கேள்வி. கண்ணாடிக்காரர் பேய் முழி முழித்தார். வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது. மிளகு அவரை ஒரு கணம் பார்த்தாள். நாற்காலியிலிருந்து இறங்கி, ஷூவைச் சேர்த்து வைத்துக்கொண்டு, கம்பளத்தில் மல்லாந்தாள்.

இப்போது "தரை" என்று சொல்ல வேண்டும். குரல் இருந்தால்தானே? "த… த…" என்றதோடு நின்றுவிட்டது. தலைமையாசிரியை இரக்கப்பட்டு ஒரு தம்ளரில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். வாங்கும்போதே தம்ளர் சாய்ந்து, தண்ணீர் முழுவதும் சேர்க்கைக் கோப்பின்மேல் கொட்டியது. தலைமையாசிரியை கம்பளத்தையும் கோப்பையும் கண்ணாடிக்காரரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, ஈரக் காகிதத்திலேயே என்னவோ நீளமாக எழுதினார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக்காரரின் பொறுமை போய்விட்டது. "இனிமே நான் சொல்றவரைக்கும் எங்கேயும் படுக்கக் கூடாது. புரியுதா?"

மிளகு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நீ என்னப்பா பண்ணுவே?"

"நான் ஒண்ணும் பண்ண மாட்டேன். நீ படுக்காம இருந்தா போதும்."

அவள் கவலையோடு தலையாட்டினாள். தூங்கும் நேரம் வந்தபோது கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு படுக்கவே மாட்டேன் என்றாள். கட்டிலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தார்.

சனிக்கிழமை தேர்வு. குழந்தைகள் பள்ளிச் சீருடை, காலுறை, ஷூ சகிதம் நீச்சல் குளத்தின் ஓரத்தில் வரிசையாக நின்றார்கள். மிஸ் ஒவ்வொருவரையும் எதிர்பாராத நேரத்தில் தண்ணீரில் தள்ளுவார். கண்ணாடிச் சுவருக்கு வெளியே மனைவி கடலை கொறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் பையன் விழுந்தான், மல்லாந்தான், மிதந்தான். கண்ணாடிக்காரரும் கை தட்டினார். தட்டிய கை பாதியில் நின்றது.

கட்டிலுக்கு அனுமதி கொடுத்தோம். குளத்துக்குக் கொடுத்தோமா?

அவர் கண்ணாடிச் சுவரை இரண்டு கையாலும் அறைந்தார். மிஸ் உற்சாகமாகக் கையசைத்தார். மிளகு வரிசையில் முன்னால் வந்துவிட்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற குழந்தை. இன்றைக்கு அதுதான் ஆபத்து. பெற்றோர் நுழையக் கூடாது என்று எழுதியிருந்த கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினார். "படுத்துக்கோ, படுத்துக்கோ" என்று கத்திக்கொண்டே குளத்தோரத்து ஈரத் தரையில் கால் வைத்தார்.

மிளகு விழுந்ததும் அவர் விழுந்ததும் ஒரே நேரத்தில் நடந்தது.

மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் போனது, அவர் ஒரு பக்கம் போனார். வாய்க்குள் தண்ணீர், காதுக்குள் தண்ணீர். கைகள் கிடைத்ததையெல்லாம் பிறாண்டின. கிடைத்தது தண்ணீர் மட்டும்தான். தலை ஒருமுறை மேலே வந்தபோது, நான்கு முழத் தூரத்தில் இரண்டு சின்ன ஷூ நுனிகள் தெரிந்தன. அதற்கு அந்தப் பக்கம் ஒரு வட்ட முகம், கூரையைப் பார்த்தபடி. வயிறு நிதானமாக ஏறி இறங்கியது.

மிதக்கிறாள். பிழைத்துவிட்டாள். இனிமேல் கால்வாய் வந்தால் வரட்டும். அவருக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. ஆனால் அழுவதற்கும் மூச்சு வேண்டும். வேறு எதுவும் தோன்றாமல் மகளைப் பார்த்துப் பார்த்து அவரும் தலையைப் பின்னால் சாய்த்தார். கையை விரித்தார். சத்தமெல்லாம் நின்றுபோனது. வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்ணாடிக்காரர் மிதந்தார்.

"சார்" என்றார் மிஸ், மேலேயிருந்து. "எழுந்து நில்லுங்க. இடுப்பளவுதான்."

அரைமணி நேரம் கழித்து, மிளகின் கையில் தேர்ச்சி முத்திரை இருந்தது. கண்ணாடிக்காரர் தவளைப் படம் போட்ட துண்டைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் நடுங்கினார். மனைவி அவர் தலையைத் துவட்டிவிட்டாள். மிஸ் குளத்தின் அடியிலிருந்து எடுத்த மூக்குக்கண்ணாடியைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"ரொம்ப நன்றி மிஸ். ஆனா அந்தப் பூதக் கதையை மட்டும் குறைச்சுக்குங்க. போற இடமெல்லாம் பயந்து பயந்து படுத்துக்கறா."

"பூதக் கதையா?" மிஸ்ஸுக்குப் புரியவில்லை. "நான் மூழ்கறவங்க எப்படி முழிப்பாங்கன்னுதானே செஞ்சு காட்டினேன்."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, மகளை மடியில் இழுத்து உட்கார வைத்தார். "படுக்காதேன்னு அப்பா சொல்லியும் தண்ணியில படுத்துட்டியே, என் தங்கம். தரையில எதுக்கும்மா அப்படிப் பயப்படறே?"

மிளகு துண்டின் நுனியால் அவர் மூக்கைத் துடைத்துவிட்டாள். "தண்ணியில எனக்காகப் படுத்தேன். கடையில, ஸ்கூல்ல எல்லாம் உனக்காகத்தான்பா படுத்தேன். நீ மூழ்கிட்டிருந்தே, எப்படி மிதக்கணும்னு எத்தனை தடவை காமிச்சேன், நீதான் பார்க்கவே இல்லை."