சீலாவின் பரம்பரை வருத்தம்

1982ஆம் ஆண்டு சாய்ந்தமருதுக்கு இரண்டு அதிசயங்கள் வந்து சேர்ந்தன. ஒன்று தொலைக்காட்சிப் பெட்டி. மற்றது, அந்தப் பெட்டிக்குள் மனிதருடைய ஏழு தலைமுறையையும் காட்டுகிற கொம்பியூட்டர் டொக்டர் பக்கீர்.

தொலைக்காட்சி பார்க்க ஊர் கூடியது. பக்கீரைப் பார்க்க மாவட்டமே கூடியது. பாலமுனைக்காரர்கள் பஸ்ஸில் வந்தார்கள். சவளக்கடைக்காரர்கள் உழவு மெசின் பெட்டியில் நெல் மூட்டை போல நெருங்கி வந்தார்கள். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு வரிசை தொடங்கிவிடும். தாயத்து, தகடு, ஓதிய தண்ணீர் என்றால் முகம் சுளிக்கிற படித்தவர்களும் அந்த வரிசையில் நின்றார்கள். இதில் பிளக் இருந்தது அல்லவா.

பக்கீருக்கு வெள்ளைக் கோட்டு, கழுத்துப் பட்டி, கறுப்புக் கண்ணாடி. கொழும்புப் பக்கத்து ஆள். குவைத்தில் இருந்து வந்தவர். அங்கே என்ன வேலை செய்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. குவைத்திலிருந்து வந்தவரிடம் அப்படிக் கேட்பது மரியாதையில்லை என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு.

வைத்தியம் இப்படித்தான். விரலில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் எடுப்பார். அதை ஒரு வெள்ளித் தட்டில் வைப்பார். தட்டிலிருந்து ஒரு வயர் மேசைத் துணிக்குள் போகும். பக்கீர் ஒரு பித்தானை அழுத்துவார். தொலைக்காட்சித் திரையில் இங்கிலீசு எழுத்துக்கள் மழை மாதிரிக் கொட்டும். அதைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பாதி நோயாளிகள் அந்தப் பெருமூச்சிலேயே அழத் தொடங்கிவிடுவார்கள். பரம்பரை எழுத்தில் ஒன்று பிழையாகிப் போயிருக்கிறது, அதனால் உடம்பில் ஒரு புரதம் கோணிப்போயிருக்கிறது என்பார். பிறகு 'திருத்திய புரதம்' என்று ஒரு போத்தல் கொடுப்பார். நோயாளி எழுந்து வர முடியாத நிலையா? கவலையில்லை. கண்ணாடித் துண்டை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். சொந்தக்காரர் இரத்தத்தைக் கொண்டுவந்தால் போதும்.

அவர் சொல்வதெல்லாம் அச்சொட்டாகச் சரியாக இருந்தது. உங்கள் மாமனாருக்கு ஈளை இழுப்பு, உங்கள் சகோதரிக்குக் கலியாணம் குழம்பியது, எல்லாம் மெசினுக்குத் தெரிந்தது. வரிசையில் நிற்பவர்களுக்கு பக்கீரின் உதவியாளர் ஜெமீல் தேநீர் கொடுப்பார். பக்கத்தில் குந்தி, வீட்டு வளப்பத்தை அனுதாபத்தோடு விசாரிப்பார். காலிக் கோப்பையோடு உள்ளே போவார். இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை. தேநீர் நன்றாக இருந்தது.

கரைவலைக்கார மீராசாவின் மனைவி ஹாஜறாவுக்கு சீனி வருத்தம். தினமும் இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தவர். பக்கீர் அவருடைய இரத்தத்தைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார், பிழைத்த எழுத்தைக் கண்டுபிடித்தார், அதைக் கொம்பியூட்டருக்குள்ளேயே திருத்தியும் விட்டார். இனி ஊசி வேண்டாம், போத்தல் போதும் என்றார். ஹாஜறாவுக்குப் பெரிய நிம்மதி. ஊசி குத்திக் குத்தி வயிறெல்லாம் தழும்பு. போத்தல் மருந்தோ நன்னாரி மணத்தோடு தித்திப்பாக இருந்தது.

அது சீனிப்பாகு. சீனி வருத்தக்காரிக்கு மூன்று வேளையும் சீனிப்பாகு. ஒரு வாரத்துக்குள் ஹாஜறா அடுக்களையில் நினைவில்லாமல் விழுந்தார். மீராசா அவரைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வார்ட்டுக்கு வெளியே சீமெந்துத் தரையில் உட்கார்ந்து, பிள்ளைகள் முன் ஒருநாளும் அழாத அந்த மனிதர் சாரத்தின் நுனியால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தந்தி போய் மகள் ஸுல்பிகா கொழும்பிலிருந்து வந்தாள். அவள் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு உதவியாளர். அவளுடைய வேலையும் கொம்பியூட்டரோடுதான். ஆனால் ஊரில் அதை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. அவளிடம் வெள்ளைக் கோட்டும் இல்லை, கழுத்துப் பட்டியும் இல்லை.

ஹாஜறா கண் விழித்ததும் சொன்ன முதல் சொல் பக்கீருக்குப் பரிந்துதான். மருந்தில் பிழையில்லை, நான்தான் ஒருநாள் மத்தியான வேளைக்குக் குடிக்க மறந்துவிட்டேன் என்றார். ஸுல்பிகாவுக்குக் கோபம் வந்தது. சாவைத் தொட்டுவிட்டு வந்த தாயோடு சண்டை பிடிக்கவும் முடியவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உம்மா, நீங்க போடுற இன்சுலினும் ஒரு புரதம்தான். அம்பத்தொரு மணி கோத்த மாலை மாதிரி எண்டு நினைங்க. மாட்டுல இருந்து எடுக்கிற அந்த மருந்துக்கும் நம்மட உடம்புல ஊறுறதுக்கும் மூணு மணிதான் வித்தியாசம்."

"அப்ப மாட்டுக்கும் எனக்கும் மூணு மணிதானா வித்தியாசம்?" என்றார் ஹாஜறா. சிரிக்கக் கொஞ்சம் தெம்பு வந்திருந்தது.

இன்சுலினில் மட்டும்தான் என்று சொல்லி ஸுல்பிகாவும் சிரித்தாள். பிறகு தன் வேலையைப் பற்றிச் சொன்னாள். ஒரு புரதத்தின் மணிகளை ஒழுங்காகப் பிரித்தறிய பெரிய பெரிய ஆய்வுகூடங்களுக்கே வருடக்கணக்கில் எடுத்ததாம். அப்படிக் கண்டுபிடித்ததை எழுத்துகளாக்கி, மட்டையில் துளையிட்டு, கொம்பியூட்டருக்குக் கொடுப்பார்களாம். நோயாளியின் மாலையையும் சுகதேகியின் மாலையையும் பக்கம் பக்கமாக வைத்து எந்த மணி மாறியிருக்கிறது என்று அது ஒப்பிட்டுச் சொல்லுமாம். சிலருக்கு இரத்தத்தில் ஒரே ஒரு மணி மாறியதால் சிவப்பு அணுவே அரிவாள் மாதிரி வளைந்துபோகிறதாம். அதற்குமேல் மருந்து என்ன என்பது இன்னும் எவருக்கும் தெரியாதாம்.

"தெரியாதெண்டு சொல்லத்தானா ஒன்ன கொழும்புக்கு அனுப்பிப் படிப்பிச்சம்?" என்றார் ஹாஜறா. "பக்கீர் டொக்டருக்குத் தெரியுமே."

ஸுல்பிகா அதற்கு மேல் வாதாடவில்லை. உம்மா வீடு திரும்பி நடமாடத் தொடங்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு ஒரு காலை, வலை இழுத்து முடிந்த நேரம் கடற்கரைக்குப் போய் வாப்பாவிடம் ஒரு சங்கதி கேட்டு வாங்கினாள். அங்கிருந்து வாப்பாவோடு வீட்டுக்கு வந்து, உம்மாவையும் கூட்டிக்கொண்டு நேரே பக்கீரிடம் போனாள். கையில் கைக்குட்டைக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. அதில் ஒரு சொட்டு இரத்தம்.

ஜெமீல் தேநீரோடு வந்து குந்தினார். நோயாளி யார் என்று கேட்டார். வர முடியாத நிலை என்றாள் ஸுல்பிகா. பெயர் கேட்டார்.

"சீலா."

வரிசையில் நின்ற ஒரு மீன்காரர் திரும்பிப் பார்த்தார். ஜெமீலுக்கு அது ஒரு பெண்பிள்ளையின் பெயராகத்தான் கேட்டது. மலைநாட்டுக்காரர், பாவம். என்ன தொழில் செய்கிற குடும்பம் என்று விசாரித்தார். பெரிய குடும்பம், எல்லாருக்கும் கடல்தான் என்றாள். என்ன வருத்தம் என்றார். விடியற்காலையிலிருந்து மூச்சு எடுக்க முடியவில்லை, அசைவும் இல்லை என்றாள். அவள் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

அவர்கள் முறை வந்தது. அன்றைக்குக் கூட்டம் வாசல்வரை உள்ளே தள்ளிக்கொண்டு நின்றது. பக்கீர் கண்ணாடியைத் தட்டில் வைத்தார். எழுத்து மழை கொட்டியது. வழக்கத்தை விட நீளமாக ஒரு பெருமூச்சு வந்தது.

"சீலாட தகப்பன்வழியில மூச்சு வருத்தம் இருக்கு," என்றார். "நாலாவது தலைமுறையில ஒரு எழுத்து பிழைச்சிருக்கு. பயப்பட வேணாம், திருத்தலாம். கடற்காத்து படக்கூடாது. குளிர் தண்ணியில குளிக்கக் கூடாது. மாப்பிள்ளை பாத்து வைங்க, கலியாணம் முடிச்சா முழுக்கச் சுகமாகும்."

"குளிர் தண்ணியில குளிக்கவே கூடாதா?" என்று ஸுல்பிகா கேட்டாள்.

"நனையவே கூடாது."

மீராசா முன்னுக்கு வந்தார். தோளில் தொங்கிய பன்பையைத் திறந்து, முழங்கை நீளத்தில் ஒரு சீலா மீனை எடுத்து, மெசினுக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தார்.

"இதுதான் நோயாளி," என்றாள் ஸுல்பிகா.

முதலில் சிரித்தது ஹாஜறாதான். மீன்காரன் பெண்டாட்டிக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தார். அந்தச் சிரிப்பு வாசலைத் தாண்டி வீதிவரை போனது.

பக்கீர் லேசான ஆள் இல்லை. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, பொய்ப் பெயர் கொடுத்ததால் மெசின் குழம்பிவிட்டது என்றார்.

"பேர வச்சிச் சொல்ற மெசினுக்கு ரத்தம் எதுக்கு?" என்று ஸுல்பிகா கேட்டாள். "மாட்டையும் மனிசனையும் மூணு மணியில பிரிச்சுக் காட்டுறதுதான் கொம்பியூட்டர்ர வேல. மீனையும் குமர்ப்பிள்ளையையும் பிரிக்கத் தெரியாத பெட்டி, என்ட உம்மாட ரத்தத்தில எந்த எழுத்தத் திருத்தின?"

அவள் தட்டிலிருந்து கண்ணாடித் துண்டை எடுத்துவிட்டு, தானே அந்தப் பித்தானை அழுத்தினாள். வெறுந்தட்டு. எழுத்து மழை அதே மாதிரிக் கொட்டியது. பிள்ளைகள் தொலைக்காட்சியில் செருகி விளையாடுகிற சின்னக் கொம்பியூட்டர்ப் பெட்டிதான் அது; எழுத்துக்களைக் கண்டபடி வாரி இறைக்கச் சொல்லித்தான் அதற்குப் பழக்கியிருந்தார்கள். மீராசா மேசைத் துணியைத் தூக்கினார். வெள்ளித் தட்டின் வயர் எங்கேயும் போகவில்லை. மேசைக் காலில் இரண்டு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்தது.

ஊர் இளைஞர்கள் சிலர் சட்டைக் கையை மடித்தார்கள். ஹாஜறா அவர்களைத் தடுத்தார். பக்கீருக்குக் கிட்டப் போய்ச் சொன்னார்:

"நான் மௌத்தாகி இருப்பன் தம்பி. ஒங்களுக்கு அது வெளங்கினதா?"

கறுப்புக் கண்ணாடிக்குள் என்ன இருந்தது என்று தெரியவில்லை. பொலிசுக்கு ஆள் போய் வருவதற்குள் பின்கதவால் அவரும் ஜெமீலும் மாறிவிட்டார்கள். தொலைக்காட்சியைத் தூக்கிக்கொண்டு ஓட மறக்கவில்லை. ஹாஜறா அன்று மாலையே ஊசியை எடுத்து மகளிடம் நீட்டினார். அதற்குப் பிறகு ஒருநாளும் தவறவிடவில்லை.

மறுநாள் நற்பிட்டிமுனையிலிருந்து ஒரு வண்டிச் சனம் வந்து பூட்டிய கதவைத் தட்டியது. நடந்ததை எல்லாம் மீராசா பொறுமையாக எடுத்துச் சொன்னார். வாய் பிளந்து கேட்டார்கள். நாசமாப்போன கள்ளன் என்று ஏசினார்கள். எல்லாம் முடிந்த பிறகு ஒருவர் மீராசாவைத் தனியே கூப்பிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்:

"அப்ப காக்கா, இந்தப் பக்கம் வேற ஆர் நல்லாப் பாக்கிற?"

கள்ளன் ஓடிப்போனதில் நமக்குப் பெருமை இல்லை. அடுத்தவன் பொத்துவிலில் இருந்து பஸ் ஏறியிருப்பான். நமக்கு கொம்பியூட்டர் தெரியாவிட்டால் பரவாயில்லை, புரதம் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. நீ சொல்வது பிழையென்றால் அதை நாங்கள் எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு கேள்வி கேட்க ஒரு பட்டமும் தேவையில்லை. அதற்குப் பதில் இல்லாதவனிடம் விரலை நீட்டுகிறவர்கள் தாராளமாக நீட்டலாம். தலையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். அங்கே அதற்கு வேலை இல்லை.