முதுகு மட்டும் நம்முது

ஓசூர் சுற்றுவட்டாரத்தில் அடிப்பக்கம் யாரும் பார்க்காத பொருள் ஏதாவது மிச்சம் இருந்தால், அது திருப்பிப்பாரு அண்ணனிடம் சிக்காமல் தப்பித்த பொருளாகத்தான் இருக்க வேண்டும். மிக்ஸி, மின்விசிறி, டார்ச் லைட், பக்கத்து வீட்டுக் குழந்தையின் பிளாஸ்டிக் கார் என்று எதைக் கண்டாலும் மனிதர் முதலில் அதைக் கவிழ்ப்பார். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பொடி எழுத்தில் எந்த நாட்டின் பெயர் போட்டிருக்கிறது என்று தேடுவார். நம் நாடாக இருந்தால் தோள் துண்டால் துடைத்து வைப்பார். வேறு நாடாக இருந்தால் பொருளை விட்டுவிட்டு உங்களை ஒரு பார்வை பார்ப்பார். அந்தப் பார்வைக்குப் பயந்து எங்கள் லைன் வீடுகளில் புதுச் சாமான் வாங்கினால், அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிய பிறகுதான் அட்டைப்பெட்டியைப் பிரிப்போம்.

பாகலூர் ரோட்டில் ஒரே வரிசையாகக் கட்டிவிட்ட வீடுகள். அவருக்கும் எனக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தான். நான் சிப்காட்டில் ஒரு பம்ப் கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தேன். அவர் போனுக்கு உதிரி செய்யும் ஒரு பெரிய கம்பெனியில் காண்ட்ராக்ட் ஆள். பெட்டிகளை அடுக்கி, தள்ளுவண்டியில் லாரி வரை கொண்டுபோய் விடுகிற வேலை. மனைவியும் மகளும் நாகரசம்பட்டியில் இருந்தார்கள். வார லீவுக்கு மட்டும் ஊருக்குப் போய் வருவார். ஆங்கிலத்தில் அவருக்கு நாடுகளின் பெயர்களை மட்டும் வாசிக்க வரும். மற்றபடி ஆங்கிலம் அவர் வழிக்குப் போகவில்லை, அவரும் அதன் வழிக்குப் போகவில்லை.

ஒருமுறை மத்தூரில் ஒரு கல்யாணத்துக்கு என்னோடு வந்தார். அட்சதை போட்டுவிட்டு மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பிடித்த கையை விடவில்லை. பின்னால் வரிசை நின்றுவிட்டது. எட்டிப் பார்த்தால், மாப்பிள்ளையின் கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

"மாப்ள, இது மாமனார் போட்டதா?"

"ஆமாங்க."

"செரி, போவுது வுடு. பொண்ணாவது நம்மூர்தான?"

அந்தக் கல்யாணத்தில் நான் பந்திக்கு உட்காராமலேயே பஸ் ஏறினேன். அவர் மட்டும் நிதானமாக உட்கார்ந்து, பாயசத்தை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு வந்தார்.

அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். எங்கள் வீட்டு ஓனரின் அப்பா இறந்தபோது நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஓனர் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள். பெரியவரை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அண்ணன் மாலையோடு வந்தார், சாத்தினார், நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். விழுந்தவர் எழவில்லை. பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். துக்கம் தாளாமல் மயங்கிவிட்டார் என்று நினைத்து நான் தூக்கப் போனேன். பெட்டிக்கு அடியிலிருந்து குரல் வந்தது.

"கம்ப்ரஸர் தாய்லாந்து."

ஓனருக்கு முகம் சிவந்துவிட்டது. "ஏமப்பா, மா நாயனா எந்த ஊரு பொட்டில இருந்தா உனக்கென்ன?"

அண்ணன் மெதுவாக எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டார். "கோச்சுக்காதீங்க. பெரியவரு கடைசி வரைக்கும் கதர்தான் கட்னாரு. அதான் மனசு கேக்கல."

அதுவரை சாமியானாக்காரனோடும் சமையல்காரனோடும் மல்லுக்கட்டிக்கொண்டிருந்த ஓனர், அப்போதுதான் உட்கார்ந்து அழுதார்.

சுதந்திர தினத்தன்று கம்பெனியில் சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு சின்னக் கொடியும் லட்டும் கொடுத்தார்கள். கொடியைத் திருப்பினார். நேராக எச்.ஆர். மேடத்திடம் போய் மேஜைமேல் வைத்தார்.

"இத நாம குத்திக்கக் கூடாதுங்க மேடம்."

"ஏண்ணா?"

"வேற நாட்டுக்காரன் செஞ்சி அனுப்பிக்கிறான்."

அந்தப் பெண் லட்டுத் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, "நீங்க லட்டு சாப்பிடுங்கண்ணா" என்றிருக்கிறார்.

"லட்டு நம்முதுதான?"

"கிருஷ்ணகிரியில சொல்லி செஞ்சதுண்ணா."

"அப்ப இன்னொண்ணு குடுங்க."

இதெல்லாம் சிரிப்பதற்கு நன்றாக இருக்கும். பக்கத்து வீட்டில் குடியிருந்து பார்த்தால்தான் கஷ்டம் தெரியும். ஒரு காலத்தில் அவரிடமும் போன் இருந்தது. நம் நாட்டு கம்பெனி என்று விளம்பரத்தில் மார்தட்டினதை நம்பி வாங்கிய பட்டன் போன். ஒருநாள் பேட்டரியைக் கழற்றியவர், அதன் கீழே ஒட்டியிருந்த தாளைப் பார்த்துவிட்டார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. முழுசாக நம் நாட்டில் செய்த போன் வருகிறவரைக்கும் போனைக் கையால் தொடுவதில்லை என்று, மத்திகிரி மாரியம்மன் கோயிலில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

கையால்தானே தொடக்கூடாது? காதால் தொடலாமே! அன்றிலிருந்து நான் அவருடைய போன் ஆனேன். பேங்க், கேஸ், ரேஷன், பி.எஃப். எல்லாவற்றிலும் என் நம்பர். நான் சோப்பு நுரையோடு குளியலறையில் நிற்கும்போது "தம்பி, ஓடிபி வந்துச்சா?" என்று கதவைத் தட்டுவார். நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவி நாகரசம்பட்டியிலிருந்து பேசினால், நான் போனை அவர் காதருகே பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பேசுவார். புருஷன் பெண்டாட்டி சண்டையெல்லாம் என் கை வழியாகத்தான் நடந்தது. கோபம் முற்றினால் அக்கா "தம்பி, நீயே கேளு இந்த நாயத்த" என்பார். கை கடுத்துப்போய் நிற்கிற நான் என்ன நியாயத்தைச் சொல்வது?

இத்தனைக்கும் போன் என்றால் அவருக்கு உயிர். அவர் கம்பெனியில் செய்வது போனின் பின்பக்கத் தகடு. அதை அவர் முதுகு என்பார். "உலகத்துல எவன் எந்த மூலைல காதுல வெச்சிப் பேசினாலும் முதுகு நம்முது தம்பி" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் சாமான்கள் எல்லாம் கடல் தாண்டி வருகின்றன என்பதும் தெரியும். அதற்கும் ஏற்பாடு செய்து வைத்திருந்தார். மகள் கிருஷ்ணகிரியில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தாள். "பாப்பா படிச்சி முடிச்சா உள்ள இருக்கறத அவ செய்வா. அப்ப நான் போன் தொடுவன்" என்பார். அவர் தள்ளுவண்டி தள்ளியதெல்லாம் அந்தப் பெண்ணின் காலேஜுக்காகத்தான். வேறு எந்தச் செலவும் அவருக்கு இருந்ததாக நான் பார்த்ததில்லை.

ஆயுத பூஜை வந்தது. மெஷின்களுக்குச் சந்தனம் பூசச் சொல்லி அண்ணனிடம் தட்டைக் கொடுத்தார்கள். மெஷினைத் திருப்ப முடியாதே, அதனால் அடியில் ஊர்ந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். "இது வெளிநாட்டு மெஷினு. அந்த நாட்டுக்காரரே பொட்டு வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். மெஷின் பொருத்த வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர் ஒருவர் அங்கே இருந்தார். அவர் சிரித்துக்கொண்டே தட்டை வாங்கி எல்லா மெஷினுக்கும் பொட்டு வைத்தார். கேட்டில் பூசணிக்காயையும் அவரே உடைத்தார். அதில் இரண்டு பேருக்கும் சிநேகமாகிவிட்டது. அந்த இன்ஜினியர், பேச்சை மொழிபெயர்த்துச் சொல்லும் தன் போனை நீட்ட, அண்ணன் தொடாமல் எட்ட நின்று தமிழில் கேட்டிருக்கிறார். இந்த மெஷினை எப்போது நாங்களே செய்வது?

இன்ஜினியர் தன் மொழியில் சொன்ன பதிலை, செய்தி வாசிப்பவர் குரலில் போன் தமிழில் சொன்னதாம். இந்த இயந்திரம் முன்பு எங்கள் ஊரில் ஓடியது. இப்போது எங்கள் ஊரில் அந்தக் கட்டடம் பூட்டிக் கிடக்கிறது. என் கூடப்பிறந்த அண்ணனுக்கு வேலை இல்லை.

அன்று சாயங்காலம் பொரியும் சுண்டலும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு என் வாசற்படியில் உட்கார்ந்தார். "அவங்கூர்ல பூட்டிட்டு நம்மூர்ல தொறந்துக்கிறாங்க தம்பி. நான் என்னமோ நாம ஜெயிச்சிட்டம்னு நெனச்சிக்கினு இருந்தன்" என்றார். நான் பேச்சை மாற்றி மழையைப் பற்றிச் சொன்னேன்.

அதற்குச் சில மாதம் கழித்து கம்பெனியில் புதுச் சட்டம் போட்டார்கள். இனி கைரேகை கிடையாது. ஒவ்வொருவரும் தன் போனில் ஒரு ஆப் போட்டு, கேட்டில் நின்று முகத்தைக் காட்டினால்தான் வருகைப் பதிவு. பதிவு முடிந்ததும் போனை செக்யூரிட்டியிடம் கொடுத்துவிட வேண்டும், ஏனென்றால் போன் செய்கிற இடத்துக்குள் போன் போகக்கூடாது. போன் இல்லாதவருக்கு வேலை இல்லை. அண்ணன் சூப்பர்வைசரிடம் மன்றாடினார். என்னைக் கூட்டிக்கொண்டுபோய்க் காட்டி "இவருதான் என் போனு" என்று சொல்லிப் பார்த்தார். சூப்பர்வைசர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

கடைசியில் மகளே ஓசூருக்கு வந்தாள். எங்கள் லைன் வீட்டு ஜனம் மொத்தமும் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. அவள் ஒரு செகண்ட் ஹேண்ட் போனை அவர் முன்னால் நீட்டினாள்.

"இத புடிப்பா."

"பாப்பா, சாமிகிட்ட சொல்லிட்டு வந்துக்கிறன்."

"சாமிகிட்ட நான் பேசிக்கறன். உனுக்கு வேல இல்லன்னா எனுக்கு காலேஜ் இல்ல. நாட்ட நாடு பாத்துக்கும். நீ என்னப் பாருப்பா."

அண்ணன் போனை வாங்கினார். பழக்கத்தில் திருப்பினார். முதுகைத் தடவிப் பார்த்தார். "முதுகு மட்டும் நம்முது" என்றார். யாரும் சிரிக்கவில்லை.

அந்த ஆப் ஒரு தொல்லை பிடித்த ஆப். ஆள் உயிரோடுதான் நிற்கிறாரா, போட்டோவைக் காட்டுகிறார்களா என்று கண்டுபிடிப்பதற்காக, கண்ணைச் சிமிட்டச் சொல்லும், பிறகு சிரிக்கச் சொல்லும். சிமிட்டல் சுலபமாக வந்துவிட்டது. சிரிப்புதான் வரவில்லை. காலை ஷிஃப்டுக்கு வரிசையில் நிற்கிற பெண்கள் "அண்ணா, பல்லு காட்டுங்கண்ணா, பஸ் லேட்டுண்ணா" என்று கத்துவார்கள். கன்னடக்காரரான செக்யூரிட்டி "ஸ்வல்ப நகிரி அண்ணா, நகிரி" என்று தானே இளித்துக் காட்டுவார். ஒரு வழியாக, உதட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடித்து எல்லாப் பல்லையும் காட்டுகிற ஒரு சிரிப்பை அவர் பழகிக்கொண்டார். ஆப் அதை ஏற்றுக்கொண்டது.

ஒரு திங்கட்கிழமை காலை அந்த செக்யூரிட்டியிடமிருந்து எனக்கு போன் வந்தது. கம்பெனியில் அவசரத்துக்குக் கொடுத்திருந்தது என் நம்பர்தான்.

"சார், நிம்ம அண்ணன் கேட்ல நின்னு சிரிச்சிக்கினே இருக்காரு. நான் சொன்னா கேக்கறதில்ல. வந்து கூட்டிப் போங்க."

பைக்கை எடுத்துக்கொண்டு போனேன். ஷிஃப்டு உள்ளே போய், கேட் சாத்தியிருந்தது. அவர் மட்டும் வெளியே நின்று, கையை நீட்டிப் போனைப் பிடித்து அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சிரிப்பார், போனைப் பார்ப்பார், முகத்தைத் துண்டால் துடைத்துக்கொள்வார், மறுபடி சிரிப்பார்.

"இன்னிக்கி என் சிரிப்பு செரியில்ல போலக்கீது தம்பி. ஏத்துக்க மாட்டங்குது."

போனை வாங்கிப் பார்த்தேன். அவர் இப்போது இந்த நிறுவனத்தில் இல்லை என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. காண்ட்ராக்டரிடமிருந்து முதல் நாளே ஒரு செய்தியும் வந்திருந்தது. அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லாததால் அவரால் அதில் ஒரு எழுத்தும் வாசிக்க முடியவில்லை. மற்ற காண்ட்ராக்ட் ஆட்கள் வந்து, படித்து, திரும்பிப் போய்விட்டார்கள் என்று செக்யூரிட்டி சொன்னார். முதுகு செய்கிற அந்த மெஷின் வரிசையை வியட்நாமுக்கு எடுத்துக்கொண்டு போகிறார்களாம்.

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகமில்லை. "போதும்ணா, சிரிக்காதீங்க" என்று ஆரம்பித்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. அவர் கேட்டுக்கொண்டார். உதடு கொஞ்ச நேரம் அந்த இழுத்த வாக்கிலேயே இருந்தது.

"அந்த நாட்லயும் புள்ளைங்கள படிக்க வெக்கறவங்க இருப்பாங்க இல்ல?" என்றார். பைக்கில் ஏறி உட்கார்ந்த பிறகு, "பாப்பாவுக்கு இப்ப சொல்லிடாத. பரீட்ச முடியட்டும்" என்றார்.

வேறு வேலைக்கு அலைந்தார். அவர் வயதுக்கு எந்த கேட்டும் திறக்கவில்லை. இப்போது ஊர்ப்பக்கம் மாம்பழக் கூழ் ஃபேக்டரியில், சீசனுக்கு மட்டும் கூடை இறக்குகிறார். மகள் இரண்டாம் வருடத்தோடு படிப்பை விட்டுவிட்டாள். வேறொரு கம்பெனியின் ஹாஸ்டலில் தங்கி, வெளிநாட்டிலிருந்து வந்து இறங்குகிற சாமானை எடுத்து எடுத்துப் பொருத்துகிறாள். போன மாதம் பேசும்போது அவரே சொன்னார்: "படிச்சிருந்தா அந்த சாமானையே செஞ்சிருப்பா தம்பி."

எனக்குக் கோபம்தான் வருகிறது. யார்மேல் என்று தெரியாத கோபம், அதனால் எதற்கும் உதவாத கோபம். இந்த நாட்டின்மேல் இத்தனை பிரியம் வைத்த இன்னொருவரை நான் பார்த்ததில்லை. அவருக்கு அது திருப்பிக் கொடுத்தது அந்தத் திங்கட்கிழமைதான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கூப்பிடுகிறார். மாங்காய் வரத்து எப்படி, அக்காவுக்கு மூட்டுவலி எப்படி என்று கேட்கிறேன். உங்களை எனக்கு ரொம்பப் பிடிக்கும் அண்ணா என்று சொல்லத்தான் ஒவ்வொரு தடவையும் வாயெடுக்கிறேன், வரமாட்டேன் என்கிறது.