எம்மெரிக்கின் நெட்டைக் கட்டை

இந்தக் குளிர்காலத்தோடு குட்டைக் கட்டைக்கு ஒரு கும்பிடு போட்டுவிடுவது என்று எம்மெரிக் ஹோர்வத் முடிவு செய்தார்.

கட்டை என்றால் பனியில் சறுக்கும் கட்டை. இத்தனை நாள் அவர் காலில் மாட்டிக்கொண்டு திரிந்தது பள்ளிக்கூடத்து ஏலத்தில் மலிவாகக் கிடைத்த ஒரு ஜோடி. அதன் முனையில் யாரோ ஒரு பிள்ளை முயல் படம் ஒட்டியிருந்தது. எவ்வளவு சுரண்டியும் ஒரு காது மட்டும் போக மறுத்தது. மலைமேல் ஏற்றிவிடும் லிஃப்டின் வரிசையில் நிற்கும்போது குழந்தைகள் முதலில் அந்தக் காதைப் பார்க்கும். அப்புறம் அவர் முகத்தைப் பார்க்கும். ஐம்பது வயது தாண்டிய மனுஷன். ஊருக்கே கண்ணாடி போட்டுவிடும் கடைக்காரர். இதெல்லாம் தேவையா?

அவர் பிறந்தது புர்கன்லாந்தில். அங்கே உயரமான இடம் என்றால் புகைக்கூண்டின் மேல் நாரை கட்டிய கூடுதான். கல்யாணமாகி டிரோல் மலைக்கு வந்த பிறகுதான் சரிவு என்று ஒன்று உலகத்தில் இருப்பதே தெரிந்தது. மனைவி ஒட்டிலி நடக்கப் பழகும் முன்பே சறுக்கப் பழகியவள். எம்மெரிக் கடையில் வேலை, கண்ணில் தூசி, காலில் ஆணி என்று பல வருஷம் தப்பித்துப் பார்த்தார். கடைசியில் ஒரு குளிர்காலம் மாட்டிக்கொண்டார். முதல் வருஷம் விழுந்தார். அடுத்த வருஷம் நல்ல இடமாகப் பார்த்து விழுந்தார். அதற்கடுத்த வருஷம் கட்டைகளை ஏர் மாதிரி முக்கோணமாக விரித்துப் பிடிக்காமல், இரண்டையும் சேர்த்துவைத்துத் திரும்பவே ஆரம்பித்துவிட்டார். "தேறிட்டு வர்றீங்க" என்றார் பயிற்சியாளர்.

அந்த ஒரு வார்த்தைதான் வினை. தேறிய கையோடு, மச்சினன் வின்சென்ஸிடம் அவனுடைய நெட்டைக் கட்டையைக் கடன் வாங்கிப் போனார். கட்டை ஒரு பக்கம் போனது, முட்டி மறுபக்கம் போனது. ஈஸ்டர்வரை ஊன்றுகோலோடுதான் கடையில் நின்றார். ஒட்டிலி அன்று மலையடிவாரத்தில் மீட்பு வண்டியின் பின்னாலேயே ஓடி வந்ததை ஊரே பார்த்தது. அவள் ஓடி ஊரார் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"நூத்தி எண்பது வேணும்" என்றார் எம்மெரிக், டிசம்பர் முதல் வாரம், காலைக் காப்பியில்.

"எது? ரத்த அழுத்தமா?"

"கட்டை. உன் தம்பி வச்சிருக்கிற மாதிரி. நூத்தி எண்பது சென்டிமீட்டர்."

"அவன் பொறக்கும்போதே கட்டையோட பொறந்தவன். நீ முட்டியக் கழட்டிக்கிட்டது எதுலன்னு ஞாபகம் இருக்கா?"

"அது கட்டை தப்பு இல்ல. பனி தப்பு."

"ஆமா. மலையும் தப்பு. நியூட்டனும் தப்பு."

"ஒட்டிலி, கணக்காப் பேசு. போன வருஷத்து மாடல்னு பாதி விலைக்குத் தள்ளிவிடுறா கட்டைக்கடை சென்சி. நூத்தி அறுபதுக்கும் அதே விலை, நூத்தி எண்பதுக்கும் அதே விலை. ஒரே காசுக்கு எவனாவது குட்டையா வாங்குவானா? துணிக்கடையில இருபது சென்டிமீட்டர் சும்மா குடுத்தா வேண்டாம்பியா?"

"துணி உன்னை மரத்துல கொண்டுபோய் மோதாது."

எம்மெரிக் வெண்ணெய்க் கத்தியால் ரொட்டியைக் குத்தினார். பிறகு ஒட்டிலியே இறங்கி வந்தாள்.

"சரி, சண்டை வேண்டாம். தேறிக்கிட்டு வர்றவங்களுக்குப் பொதுவா ஒரு கணக்கு இருக்கு. ஆளோட உயரத்துல இருந்து பத்தைக் கழிக்கணும். அவ்வளவுதான் கட்டை. அதுக்கு மேல கேட்கக் கூடாது. சம்மதமா?"

"என் உயரத்துல இருந்தா?"

"பின்ன, என் உயரத்துல இருந்தா? நீ எவ்வளவு? நூத்தி எண்பதுதானே?"

எம்மெரிக் காப்பியை ஒரு வாய் குடித்தார். மெதுவாக விழுங்கினார்.

இங்கே ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். எம்மெரிக் நூற்றி எண்பது இல்லை. நூற்றி எழுபத்திரண்டு. ஒட்டிலியை முதன்முதலில் அறுவடை நடனத்தில் சந்தித்தபோது குதிகால் தடித்த பூட்ஸ் போட்டிருந்தார். அவள் "நல்ல உயரம்" என்றாள். "நூத்தி எண்பது" என்று வாய் சொல்லிவிட்டது. வாய் சொன்னதை மாற்ற மனம் வரவில்லை. பாஸ்போர்ட்டிலும் அதையே எழுதினார். ஆஸ்திரியக் குடியரசே முத்திரை குத்திக் கொடுத்த உயரம் அது.

இப்போது அந்தப் பொய் இத்தனை வருஷத்து வட்டியோடு திரும்பி வந்திருக்கிறது. நூற்றி எண்பதில் பத்துப் போனால் நூற்றி எழுபது. அசல் எம்மெரிக்குக்கு நூற்றி எழுபது என்றால் கட்டையும் அவரும் கிட்டத்தட்ட ஒரே உயரம்! தலை உச்சிக்கு இரண்டு விரல்தான் குறைவு. வின்சென்ஸ் வாயைப் பிளப்பான்.

"சம்மதம்" என்றார், தியாகி மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு. "உனக்காக."

சனிக்கிழமை சென்சி கடைக்குப் போனார்கள். சென்சியும் ஒட்டிலியும் தேவாலயப் பாட்டுக்குழுவில் பக்கத்துப் பக்கத்தில் நிற்பவர்கள். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு சுருதியைப் பிடித்தால் பாதிரியாரே அதற்கு இறங்கி வந்துவிடுவார்.

"வாங்க சார்" என்றாள் சென்சி. "எடை எவ்வளவு? எடை கூடுனா கட்டையையும் கொஞ்சம் கூட்டலாம்."

டாக்டரிடம் எண்பது கிலோ என்று சாதிக்கிற எம்மெரிக், அன்று நெஞ்சை நிமிர்த்தி, "தொண்ணூத்தி நாலு" என்றார். அசல் தொண்ணூற்றி இரண்டுதான். இரண்டு, வழியில் சாப்பிடப்போகும் வாதுமை ரொட்டிக்கு முன்பணம்.

ஒட்டிலி இருமினாள்.

"உயரம்?"

"நூத்தி எண்பது" என்றார்கள் எம்மெரிக்கும் ஒட்டிலியும் ஒரே குரலில்.

"அப்போ நூத்தி எழுபது." சென்சி உள்ளே போனாள். ஒரு ஜோடியைக் கொண்டுவந்தாள். கறுப்பும் பச்சையும் கலந்த அழகான கட்டை. வால் பக்கம் கடையின் மஞ்சள் ஒட்டுத்தாள். அதில் தடித்த பேனாவில் '170'. அடியில் பழைய விலை அடித்து, புது விலை.

எம்மெரிக் அதை ஆசையோடு வாங்கித் தன் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தார். முனை எங்கே வருகிறது என்று பார்த்தார்.

புருவத்துக்கு வந்தது.

மறுபடி பார்த்தார். கண்ணோடு பிழைப்பு நடத்துகிறவர். அவருக்குக் கண் தப்பாது. உச்சிக்கு இரண்டு விரல் கீழே நிற்க வேண்டிய கட்டை, வலது புருவத்தைச் சொறிந்துகொண்டு நின்றது.

"இல்ல சென்சி, இது நூத்தி எழுபது இல்ல."

"ஏன் சார்?"

"நூத்தி எழுபதுன்னா இங்க வரணும்" என்று தலை உச்சியைத் தொட்டுக் காட்டினார்.

சென்சி கள்ளமில்லாமல் கண்ணை விரித்தாள். "அதெப்படி சார்? உங்க உயரம் நூத்தி எண்பது. பத்துப் போனா புருவம்தானே?"

எம்மெரிக் வாயைத் திறந்தார். எல்லாம் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. பக்கத்தில் ஒட்டிலி, கணவனின் உயரத்தில் முழு நம்பிக்கை வைத்த பத்தினியின் முகத்தோடு நின்றாள்.

வாயை மூடிக்கொண்டார்.

"என்னப்பா, ஏதாவது தப்பா?" என்றாள் அவள் அக்கறையாக.

"இல்ல... வெளிச்சம் சரியில்ல."

"சந்தேகம்னா டேப் எடுத்துட்டு வரட்டுமா சார்?" என்றாள் சென்சி. "கட்டையையும் அளந்துடலாம், அப்படியே உங்களையும் நிறுத்தி ஒரு தடவை..."

"வேண்டாம், வேண்டாம்! டேப்பை விட நம்பிக்கைதான் பெருசு. பில் போடும்மா."

வீடு வரும்வரை மனசுக்குள் வழக்கு நடத்தினார். சென்சி ஏமாற்றிவிட்டாள், அது நிச்சயம். குட்டையான கட்டையை நெட்டை என்று தலையில் கட்டிவிட்டாள். போலீசுக்குப் போகலாம். போனால் போலீஸ்காரர் முதலில் என்ன கேட்பார்? 'எப்படிக் கண்டுபிடிச்சீங்க?' சரி, பாவம் சென்சி, பிழைத்துப் போகட்டும்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் வின்சென்ஸோடு மலைக்குப் போவது வழக்கம். இந்தத் தடவை அவன் கூட்டிப்போனது சாமியார் சரிவுக்கு. மேலிருந்து பார்க்கிறவர்கள் எல்லாம் சாமியைக் கூப்பிடுவார்கள் என்பதால் அந்தப் பெயர்.

வின்சென்ஸ் மச்சானின் கட்டையை மேலும் கீழும் பார்த்தான். மஞ்சள் தாளைப் படித்தான். "நூத்தி எழுபதா? பரவாயில்லையே மாப்ளே! சின்னப் பசங்க சைஸ்தான்னாலும் உங்களுக்கு இதுவே அதிகம். நம்ம கட்டை நூத்தி எண்பது. இது ஆளை அறிஞ்சுதான் திரும்பும்."

"பார்க்கலாம், முன்னால போ."

ஒட்டிலி முதலிலேயே இறங்கிப் போய்விட்டாள். வின்சென்ஸ் அடுத்து. எம்மெரிக் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். பழைய முட்டி உள்ளே இருந்து ஒரு தந்தி அடித்தது. போகாதே. கண்ணை மூடலாம் என்று தோன்றியது. கண்ணாடிக்கடைக்காரர் கண்ணை மூடக்கூடாது என்று அதையும் விட்டார். சாமியைக் கூப்பிட்டார். இறங்கினார்.

முதல் திருப்பம். கட்டை திரும்பியது. இரண்டாவது. நினைப்பதற்கு முன்னாலேயே திரும்பியது. இத்தனை நாள் அவர் கட்டையைத் திருப்பப் பார்ப்பார், கட்டை யோசிக்கும், அதற்குள் அவர் உட்கார்ந்திருப்பார். இது சொன்னபடி கேட்கிற கட்டை. இடது என்றால் இடது, வலது என்றால் வலது. பனி பொடியாகப் பின்னால் பறந்தது. பாதிச் சரிவில் அவருக்கே தெரியாமல் அவர் பாட ஆரம்பித்திருந்தார்.

அடிவாரத்தில் ஒட்டிலி கையுறைக் கைகளை இறுகக் கோத்துக்கொண்டு, மேலேயே பார்த்தபடி நின்றாள். அவர் வந்து நின்றதும் குனிந்து, கழன்றிருக்காத பூட்ஸ் கொக்கியை மாட்டிக்கொண்டாள்.

"கண்ணுல பனி பட்டுருச்சு" என்றாள், யாரும் கேட்காமலே.

வின்சென்ஸ் வாயைப் பிளந்துதான் இருந்தான். "மாப்ளே, நூத்தி எழுபதை இப்படித் திருப்புறீங்களே! எங்க மறைச்சு வச்சிருந்தீங்க இந்த வித்தையை?"

"எல்லாம் பழக்கம்தான்" என்றார் எம்மெரிக்.

மலைக்குடிலில் சாப்பிடப் போனார்கள். வாசலில் கட்டைகளைச் சாய்த்து வைக்கும் மரச்சட்டம். வின்சென்ஸ் தன்னுடையதை வைத்தான். எம்மெரிக் தன்னுடையதை அதை ஒட்டி வைத்தார். திரும்பப் போனவர் நின்றார்.

அவருடைய கட்டை எழுத்துக்குத்தான் நூற்றி எழுபது; உள்ளபடி நூற்றி அறுபதைச் சொச்சம் தாண்டினால் அதிகம். வின்சென்ஸுடையது நூற்றி எண்பது. அப்படியானால் முழுசாக ஒரு சாண் வித்தியாசம் இருக்க வேண்டும். இருந்தது ஓர் உள்ளங்கை அகலம்.

குனிந்து பார்த்தார். வின்சென்ஸின் கட்டையிலும் வால் பக்கம், அதே இடத்தில், வெயிலில் வெளுத்த ஒரு மஞ்சள் தாள். தடித்த பேனா. '180'. சென்சியின் கையெழுத்து.

சட்டத்தின் நீளத்துக்கும் பார்வையை ஓட்டினார். ரொட்டிக்கடைக்காரர் கட்டை. தீயணைப்புத் தலைவர் கட்டை. மேயர் கட்டை. மஞ்சள், மஞ்சள், மஞ்சள். இந்தப் பள்ளத்தாக்கின் ஆண்கள் அத்தனை பேரும் வரிசையாகச் சாய்ந்து நின்றார்கள், ஆளுக்கு ஒரு உள்ளங்கை அகலம் பெருமையோடு. அவர்களுடைய மனைவிமார் பாட்டுக்குழுவில் எந்தெந்த வரிசை என்று எம்மெரிக்குக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது.

உள்ளே வின்சென்ஸ் பாலாடைக்கட்டி உருண்டை மிதக்கும் சூப்பை வைத்துக்கொண்டு, பக்கத்து மேசைக்காரரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தான். "நூத்தி எண்பதுங்கிறது சாமானியம் இல்ல. அதுக்குத் தொடை வேணும். நம்ம மச்சானுக்கெல்லாம் அது..."

எம்மெரிக்குக்கு வாய் நமநமவென்றது. ஒரே ஒரு வார்த்தை. அந்த ஒரு வார்த்தையில் இவனைக் கவிழ்த்துவிடலாம். ஆனால் உன் கட்டை குட்டை என்று சொன்னால், எதை வைத்து அளந்தீர்கள் என்பான். என் கட்டையை வைத்து. அது எவ்வளவு? அதை எதை வைத்து அளந்தீர்கள்?

வாய்க்குள் ஒரு முழு உருண்டையைப் போட்டு அடைத்துக்கொண்டார்.

ஒட்டிலி எதிரே உட்கார்ந்து, சூப்பை ஊதி ஊதிக் குடித்தாள்.

வீட்டுக்கு வந்த பிறகும் எம்மெரிக்கின் மனசு ஆறவில்லை. கோபம் எல்லாம் எப்போதோ போய்விட்டது. காலில் இன்னும் அந்தச் சரிவு ஓடிக்கொண்டிருந்தது. இப்படி ஒரு சந்தோஷத்தைக் கொடுத்தவளிடம் போய் ஒரு பொய்யை இத்தனை வருஷம் வைத்திருப்பதா? பாவம், அவள் ஒருத்திதான் அவரை நூற்றி எண்பது என்று நம்பிக்கொண்டிருக்கிறாள். உடைந்துதான் போவாள். ஆனாலும் ஆண்பிள்ளை என்றால் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஒட்டிலி ஜன்னலோரம் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கிறிஸ்துமஸுக்கு அவருக்கு வாங்கிய புது பேண்ட் மடியில் கிடந்தது. வாயில் குண்டூசிகள்.

"ஒட்டிலி, உன்கிட்ட ஒரு உண்மையைச் சொல்லணும். மனசைத் திடப்படுத்திக்க."

"ம்."

"நான் நூத்தி எண்பது இல்ல." எம்மெரிக் மூச்சை இழுத்துப் பிடித்தார். "நான் நூத்தி எழுபத்திரண்டு."

ஒட்டிலி நிமிரவில்லை. குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். பேண்ட்டின் கால் நுனியை இன்னொரு மடிப்பு மடித்தாள்.

"எழுபத்தொண்ணு."