ரேஸ் கிளட்சும் மாப்பிள்ளை ஊர்வலமும்

கிளட்ச் பிளேட் ஒண்ணு வாங்கணும். அந்தச் சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை அவ்வளவுதான்.

அறுபதுகள்ல நடந்த கதை. அப்ப நான் செம்பவாங் கப்பல் பட்டறையில குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார ஆபீசர்கிட்ட பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒண்ணு வாங்கி வச்சிருந்தேன். சிவப்புக் கலர், ரெண்டே சீட்டு, கூரை கிடையாது. மழை வந்தா நனைஞ்சுக்கிட்டேதான் ஓட்டணும். ஆனா சிராங்கூன் ரோட்டுல கொண்டுபோய் நிறுத்தினா பூக்கடைக்காரர் மாலை கட்டுறதை விட்டுட்டு எட்டிப் பார்ப்பார். எனக்கு அது போதும்.

அந்தக் காரோட கிளட்ச் தேஞ்சு போச்சு. ஆக்ஸிலேட்டரை மிதிச்சா சத்தம் மட்டும் கிளம்பும், வண்டி கிளம்பாது.

அடுத்த வாரம் என் அத்தை மகன் சுந்தரத்துக்குக் கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு என் கார்தான்னு எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தேன். சுந்தரத்து மேல பாசம்னு நினைச்சுடாதீங்க. பொண்ணுக்கு ஒரு தங்கச்சி, பேரு கமலா. அவளை எனக்குப் பேசி முடிக்கணும்னு எங்கம்மா நடையா நடந்துக்கிட்டிருந்தாங்க. அவங்கப்பா வைரவன் பிடிகொடுக்கல. "பையன் கொஞ்சம் ஆட்டம் போடுறவனாத் தெரியுது"ன்னாராம்.

ஊர்வலத்துல நான் நிதானமா, கம்பீரமா காரை ஓட்டி வர்றதை அவர் ஒரு தடவை கண்ணால பார்த்துட்டா போதும், கமலா எனக்குத்தான்னு கணக்குப் போட்டேன்.

சுங்கை ரோட்டுல காதர் பாய் கடைக்குப் போனேன். பழைய சாமான், புதுச் சாமான் எல்லாம் வச்சு விக்கிறவர். ரெண்டு பிளேட்டை எடுத்து மேசை மேல வச்சார்.

"தம்பி, இது சாதாரணமா உங்க வண்டிக்குப் போடுறது. மெல்ல, பதமாப் பிடிக்கும். இது ரேஸ் ஓட்டுறவங்க போடுறது. காலை எடுத்தா கப்புனு பிடிச்சுக்கும், பாதிப் பிடிங்கற பேச்சே கிடையாது. நீங்க எதுக்கு ஓட்டப் போறீங்க?"

நியாயமான கேள்வி. 'தவில்காரர் பின்னாடி ஊர்ந்து போகப் போறேன்'னு சொல்லியிருக்கணும். ஆனா பக்கத்துல ரெண்டு இளவட்டங்க டயர் பார்த்துக்கிட்டு நின்னாங்க. என் வாய் சும்மா இருக்குமா?

"நமக்கு வேகம்தான் பாய்"ன்னேன்.

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பார்வை என் தொந்தியில கொஞ்ச நேரம் நின்னுச்சு. அப்புறம் ரேஸ் பிளேட்டைக் காகிதத்துல சுத்திக் கொடுத்தார்.

ரேஸ்கோர்ஸ் ரோட்டுல பட்டறை வச்சிருந்த சீன மெக்கானிக் ஆ செங்தான் அதை மாட்டினான். ஒரு சுத்து ஓட்டிப் பார்த்துட்டு நெத்தியைத் தேய்ச்சுக்கிட்டே இறங்கினான்.

"ரேஸுக்குப் போறியா லா?"

"இல்ல, கல்யாணத்துக்கு."

அவன் சிரிச்சு சிரிச்சு தரையிலயே உட்கார்ந்துட்டான். வாழ்த்துறான்னு நினைச்சுக்கிட்டேன்.

வீடு வரைக்கும் ரோடு காலி. கார் பிச்சுக்கிட்டுப் போச்சு. ஒரு தடவை மெதுவா ஓட்டிப் பார்ப்போம்னு எனக்குத் தோணவே இல்ல.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம். கோயில் வாசல்லருந்து மண்டபம் வரைக்கும் ஊர்வலம். முன்னாடி நாதஸ்வரம், தவில். அடுத்து என் கார். பின்னாடி சீர்த்தட்டு ஏந்தின பொம்பளைங்க. எல்லாரும் பார்க்கணும்னு சுந்தரம் மாலையும் தலைப்பாகையுமா சீட்டு முதுகு மேல ஏறி உட்கார்ந்தான். நாலு சக்கரத்துக்கு அடியிலயும் எலுமிச்சம்பழம் வச்சாங்க.

கல்யாணி ராகம் ஆரம்பிச்சுது. நான் காலை மெல்ல எடுத்தேன். ரொம்ப மெல்ல.

கார் ஒரே தாவாத் தாவி, அணைஞ்சு நின்னுடுச்சு. சுந்தரத்தோட தலைப்பாகை பின்னாடி பழத்தட்டுல போய் விழுந்துச்சு. நல்லவேளை, சுந்தரம் விழல.

"என்ன மச்சான் பண்றே?"

"புதுக் கிளட்ச் மாப்ள. பழகணும்."

"என் கல்யாணத்துலதான் பழகுவியா?"

மறுபடி எடுத்தேன். மறுபடி தாவல். பம்பர் தவில்காரர் வேட்டியை உரசிட்டு நின்னுச்சு. அவர் திரும்பிப் பார்த்துட்டு தாளத்தைக் கூட்டினார். அடுத்த தாவலுக்கு ராகமும் ஓட ஆரம்பிச்சுது. கடைசியில நாதஸ்வரக்காரரே வாத்தியத்தை இறக்கிட்டு என்கிட்ட வந்தார்.

"தம்பி, முட்டுவீங்களா மாட்டீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. நிம்மதியா ஆலாபனை பண்ணுவேன்."

எனக்கு மானம் போச்சு. இனிமே கிளட்சையே தொடக்கூடாது, நகர்ந்தா நகர்ந்தபடியே விட்டுடணும்னு முடிவு பண்ணேன். விட்டேன். நிக்காமத்தான் போச்சு. ஆனா மனுஷன் நடக்கிற வேகத்துல இல்ல.

நாதஸ்வரம் ஓடுச்சு. தவில் ஓடுச்சு. பின்னாடி பொம்பளைங்க தட்டோட ஓடி வந்தாங்க. சுந்தரம் என் தலைமுடியைக் கொத்தாப் பிடிச்சுக்கிட்டான்.

மண்டப வாசல்ல இன்னும் ஆரத்தி கரைச்சுக்கிட்டிருந்தாங்க. வைரவன் கை கூப்பி, "வாங்க"ன்னார். நாங்க அவரைத் தாண்டிப் போய்ட்டோம். பிரேக்கை மிதிச்சு நிறுத்துறப்ப மாப்பிள்ளை பக்கத்து முடிவெட்டுற கடை வாசல்ல இருந்தார்.

அதுக்கப்புறம் இஞ்சின் எழுந்திருக்கல.

வைரவன் வந்தார். வேட்டியை மடிச்சுக் கட்டினார். நாலு பேரைக் கூப்பிட்டு முன்பக்கம் நிறுத்தி, தானும் பானட்டுல கை வச்சார்.

"தம்பி, காலை எதுலயும் வைக்காதீங்க. ஸ்டியரிங்கை மட்டும் பிடிங்க."

வண்டியைப் பின்னாடி தள்ளிக்கிட்டே போனாங்க. அவ்வளவு தூரமும் அவரும் நானும் முகத்துக்கு முகம் பார்த்தபடியே போனோம். மாப்பிள்ளை முதுகைக் காட்டிக்கிட்டு வந்து இறங்கினார். பன்னீர்ச்செம்போட நின்ன கமலா அதைக் கீழ வச்சுட்டு, வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சா. எனக்கு அழுகை வந்துடுச்சு. கமலா போச்சுன்னு அன்னைக்கு ராத்திரி சாப்பாடுகூட இறங்கல.

ஒரு மாசம் கழிச்சு அம்மா சொன்னாங்க. கமலா வீட்டுல அடம் பிடிக்கிறாளாம், கட்டினா அந்தக் கார்க்காரரைத்தான் கட்டுவேன்னு. வைரவன் வேற வழியில்லாம ஒத்துக்கிட்டாராம். ஒரே ஒரு நிபந்தனை, மாப்பிள்ளை அழைப்புக்குப் பையன் நடந்து வரணும்.

நடந்தேதான் போனேன். அதே நாதஸ்வரக்காரர்தான் வாசிச்சார், மண்டபம் வர்ற வரைக்கும் பின்னாடி திரும்பிப் பார்த்துக்கிட்டே.