நாற்பது முதுகுப்பைகளும் ஏழாம் படையும்

கனெக்டிகட்,
1778 மார்ச்

மதிப்பிற்குரிய எலிஹு சித்தப்பாவுக்கு,

உங்கள் மறைந்த அண்ணனின் மகள் கெசியா பணிவுடன் எழுதுவது. அம்மாவும் நானும் பசுவும் நலம். முகாமில் உங்கள் இருமல் குறைந்திருக்கும் என்று நம்புகிறோம்.

நீங்கள் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒளிகிறவள் நான். பள்ளியையும் பன்னிரண்டு வயதில் விட்டவள். காகிதத்தில்தான் எனக்குத் தைரியம். ஆகவே சொல்கிறேன்: படையின் பெயர் எழுத நீங்கள் அனுப்பிய முதுகுப்பைகளில் 'மூன்று' என்பதை அழித்து 'ஏழு' என்று எழுத மாட்டேன். முதலில் படைக்குக் கர்னலின் பெயரே பெயர் என்றீர்கள். நாற்பது பைகளிலும் 'ஸ்ட்ரிக்லண்ட்' என்று எழுதிக் கை வீங்கியது. அவர் மூட்டுவலி என்று வீட்டுக்குப் போனதும், இனி எண்தான் என்றீர்கள். கறுப்புப் பூசி மூன்று எழுதினேன். இப்போது மூத்த கர்னலுக்கே சிறிய எண்ணாம், நம் புதுக் கர்னலின் நியமனத் தேதி பிந்தியதாம், அதனால் நாம் இனி ஏழாம் படையாம், மூன்று வேறொரு படைக்காம். கர்னல் இளையவரானால் சிப்பாய்கள் திரும்பவும் தவழ வேண்டுமா?

போன இலையுதிர் காலத்தில் பாலத்தை விடாமல் நின்றது மூன்றாம் படை. என் அண்ணன் ஜாபெஸ் அங்கேதான் விழுந்தான். ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் பக்கத்து வீட்டு டட்டில் அம்மாள் எங்களை மறித்தாள்.

"மூணாம் படைன்னா இப்போ எங்க பையன் ஏமஸோட படைதான், தெரியும்ல?"

"சண்டை நடந்தப்ப உங்க ஏமஸ் டர்னிப் கிழங்கு பிடுங்கிட்டு இருந்தானே," என்றாள் அம்மா.

"பிடுங்கினா என்ன? பாலத்தைக் காத்தது மூணாம் படைன்னு ஊரே சொல்லுது. ஏழாம் படை அங்க வந்துச்சுன்னு யாராவது சொன்னாங்களா?"

அம்மா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள். வீட்டுக்கு வந்துதான் சொன்னாள்: "பிள்ளையத்தான் கொண்டுபோனாங்கன்னு பாத்தா, அவன் நின்ன இடத்தையும்ல கொண்டுபோறாங்க."

சித்தப்பா, கர்னல்கள் ஏணி வைத்து ஏறட்டும், இறங்கட்டும். ஜாபெஸ் மூன்றாம் படையில் செத்தான். நான் தூரிகையைத் தொடப்போவதில்லை.

கர்த்தர் உங்களையும், இன்னும் பெயர் மாறாமல் இருக்கிற எல்லாவற்றையும் காப்பாராக.

கீழ்ப்படிதலுள்ள மகள்,
கெசியா

பின்குறிப்பு: பைகளை முகாமுக்கு ஏற்றிப்போகும் வண்டிக்காரர் நேற்றே வந்துவிட்டார். "ஏழு போடாத பைய ஏத்த உத்தரவில்லம்மா. பசங்க ரொட்டியக் கையிலதான் தூக்கிட்டு நடக்கணும்," என்றார். தூரிகையை எடுத்தேன். நாற்பதிலும் ஏழு எழுதிக் கொடுத்துவிட்டேன். மேலே உள்ளதெல்லாம் வண்டி போன பிறகு எழுதியது. ஆனால் ஒவ்வொரு பையின் மூடிக்கு உள்பக்கமும் சின்னதாக ஒரு மூன்று போட்டிருக்கிறேன். கர்னல்கள் தங்கள் ரொட்டியைத் தாங்களே எடுப்பதில்லை. பசித்தவன்தான் பார்ப்பான்.